முக்கால் விநாடியில் பிறந்த வகுப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பார்ப்பது. நாள் முழுக்க அது ஒன்றுதான். டிரே டிரேயாக ரப்பர் ஓ-ரிங்குகள் வரும். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுழற்றி, வெடிப்பு, கொப்புளம், ஓரத்துப் பிசிறு இருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கழிவை இடப்பக்கமும் போட வேண்டும். திருமுல்லைவாயலில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து போவேன். 2000-களின் தொடக்கம் அது.

ஒருநாள் ஒரு லாட் திரும்பி வந்தது. வெடிப்பு விழுந்த வளையங்கள் நல்லவற்றோடு போயிருந்தன. பையின் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறியாம்மா?” நான் தூங்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் வழியெல்லாம் அதையே நினைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு எதிரே இருந்தது தெரியாமல் போகுமா?

மறுநாள் சீட்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். பை கட்டிய நேரத்தையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தப்பிய வளையங்கள் இருந்த பைகள் எல்லாமே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தவை. காலையில் கட்டிய பைகளில் ஒன்றுகூட இல்லை. அதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்த வருஷம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். வேலையை விட முடியாத என் போன்றவர்களுக்காகவே 1981-ல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி அது. அம்மாவுக்குக் கவலை. “ஏன்டி, கீழ்ப்பாக்கத்துலயா வேலை போட்டுக் குடுப்பாங்க?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மனம் என்ற பேச்சு எடுத்தாலே வந்து நிற்கும் ஊர்ப்பெயர், மனநோய் மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்பு. மூர் மார்க்கெட் வரை ஒரு ரயில், பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயில், சேப்பாக்கத்தில் இறங்கினால் கடல்காற்று. முதல் வகுப்பில் ஆசிரியர் ஒன்றையும் விளக்கவில்லை. பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்தார். ஒருவரைக் கூப்பிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்திருக்கச் சொல்லி, ஸ்கேலின் சுழி நுனியை அந்த இடைவெளியில் நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் விட்டார். பிடித்த இடம் இருபது சென்டிமீட்டர். “இருபது சென்டிமீட்டர் விழ ஒரு பொருளுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். நீங்கள் பார்த்ததற்கும் பிடித்ததற்கும் நடுவே கழிந்த நேரம் அது. அந்த நேரம் எங்கே போனது? அதைத்தான் படிக்கப் போகிறோம்” என்றார். ஐம்பது பேரும் ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தோம். ஒருவர் எண் இன்னொருவருக்கு வரவில்லை. ஒரே ஆளுக்கே மூன்று முறை மூன்று எண்.

அன்றைக்கு அவர் போகிறபோக்கில் ஒரு கதை சொன்னார். இந்தப் பாடம் பிறந்ததே ஒருவர் வேலை இழந்ததால் என்றார். அந்தக் கதையைத் தேடி நான் பல வருஷம் போயிருக்கிறேன்.

லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச் வானாய்வு நிலையம். அதன் தலைவர் நெவில் மாஸ்கெலின். உதவியாளர் டேவிட் கின்னிபுரூக் என்ற இளைஞர். அவர் வேலையும் பார்ப்பதுதான். தொலைநோக்கிக்குள் செங்குத்தாக மெல்லிய கம்பிகள் கட்டியிருக்கும். ஒரு நட்சத்திரம் நகர்ந்து வந்து கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கண் நட்சத்திரத்தில், காது கடிகாரத்தின் டிக் ஒலியில், வாய்க்குள் விநாடி எண்ணிக்கை. ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே நட்சத்திரம் எங்கே இருந்தது, கம்பி எங்கே இருந்தது என்று மனத்தாலேயே பிரித்து, பத்தில் ஒரு பங்கு விநாடி வரை சொல்ல வேண்டும். கப்பல்கள் கடலில் தம் இடத்தைக் கணிக்க உதவும் அட்டவணைகளுக்கு இந்த எண்கள் ஆதாரம்.

1795 ஆகஸ்டில் கின்னிபுரூக் குறிக்கும் நேரம் தலைவருடையதைவிட அரை விநாடி பிந்தியது. எச்சரித்தார்கள். அவர் இன்னும் முயன்றார். 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 விநாடி, ஏறத்தாழ முக்கால் விநாடி, ஆகிவிட்டது. மற்ற எல்லா வேலையிலும் உழைப்பாளி, பயனுள்ளவர் என்று மாஸ்கெலினே எழுதியிருக்கிறார். ஆனாலும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. முயன்றவருக்குப் பிழை கூடியது என்பதுதான் என்னைத் தொட்டது. கூர்ந்து பார் என்று சொல்லச் சொல்ல மனம் எங்கே தடுமாறும் என்பது ஆய்வு மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அதே காலத்தில் இதே வேலை நம் ஊரிலும் நடந்துகொண்டிருந்தது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-ல் சென்னை வானாய்வு நிலையம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அங்கே முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி போன்றவர்கள் இரவு இரவாகக் கண்ணையும் காதையும் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். உளவியல் மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று அந்தத் தூணை நினைக்கிறேன்.

கின்னிபுரூக்கின் பெயர் கிரீனிச் பதிவுகளில் புதைந்து கிடந்தது. இருபது வருஷம் கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸெல் கண்ணில் அது பட்டது. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒருவருடைய கவனக்குறைவால் மட்டும் வருமா என்று அவர் ஐயப்பட்டார். சக வானியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து, ஒரே நட்சத்திரங்களை இருவரும் குறித்துப் பார்த்தார். பெஸ்ஸெல் அந்தக் காலத்தின் தலைசிறந்த நோக்கர்களில் ஒருவர். அவருக்கும் அவர் தோழருக்கும் இடையே விழுந்த வித்தியாசம் ஒரு விநாடிக்கும் மேல்! கின்னிபுரூக்கின் பிழையைவிடப் பெரிது. பார்வைக்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரம் ஆளுக்கு ஆள் வேறு என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

அதன் பிறகு நடந்தவற்றைப் பாடநூல்கள் விரிவாகவே சொல்கின்றன. 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் காலில் நரம்புச் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்றே ஆய்வகம் அமைத்தார். வானியலாளர்களின் தொல்லையாக இருந்த அந்த முக்கால் விநாடி அங்கே ‘எதிர்வினை நேரம்’ என்ற பெயரில் ஆராய்ச்சிப் பொருளானது. வுண்ட்டின் மாணவர் மூன்ஸ்டர்பெர்க்கை வில்லியம் ஜேம்ஸ் அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு அழைத்தார். ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர் நரேந்திரநாத் சென்குப்தா. அவர் கல்கத்தா திரும்பி, 1916-ல் இந்தியாவின் முதல் சோதனை உளவியல் துறையைத் தொடங்கினார். பாடத்திட்டம் அதற்கு முன்பே, 1905-லேயே தயார். வரைந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல்.

கல்கத்தாவில் அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல ஆசை. கிரீந்திரசேகர் போஸ் ஏற்கெனவே மருத்துவர். நோயாளிகள் வந்துகொண்டிருந்த, தொழில் நிலைத்த, ஏறத்தாழ முப்பது வயது மனிதர். புதிதாக ஒரு துறை திறந்ததும் அதில் மாணவராகச் சேர்ந்து, 1917-ல் பட்டம் வாங்கி, 1921-ல் உளவியலில் இந்தியாவின் முதல் முனைவர் ஆனார். மறுவருஷம் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டோடு கடிதத்தில் கருத்து வேறுபட்டு விவாதித்தார். ஃபிராய்டின் 75-வது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய தந்தத்து விஷ்ணு சிலை அவர் மேசையில் இடம்பிடித்தது. எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த நாட்டின் முதல் உளவியல் மாணவர்களிலேயே ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்.

சீல் பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவர் காலத்தில், 1924-ல், மைசூரில் உளவியல் துறை தொடங்கியது. லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்ற எம். வி. கோபாலசாமி அதை நடத்தினார். 1935-ல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் வைத்து, பின்னாளில் நாடே ஏற்ற ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் நடத்தியவரும் இவரே. 1943-ல் பாடம் சென்னைக்கு வந்தது. ஆக்ஸ்போர்டில் படித்த ஜி. டி. போவாஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அதே 1943-ல்தான் டேராடூனில் ராணுவ அதிகாரிகளை உளவியல் சோதனைகளால் தேர்ந்தெடுக்கும் குழுவும் முதன்முதலாக அமைந்தது. ஆவடியில் படைவண்டித் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகள் இன்றும் அதிகாரித் தேர்வுக்குப் போகும்போது, படத்தைப் பார்த்துக் கதை எழுதும் சோதனையைக் கண்டு திகைத்து வருகிறார்கள். அதன் வேர் அந்த வருஷத்தில் இருக்கிறது.

அம்மாவின் கீழ்ப்பாக்கம் இந்த வழியில் எங்குமே வரவில்லை, பார்த்தீர்களா? அது வேறு பாதை. மனநோய்க்கான அரசு மருத்துவமனை 1871-ல் 145 நோயாளிகளோடு கீழ்ப்பாக்கத்தில் தொடங்கியது. அதை வளர்த்தவர்கள் மருத்துவர்கள். 1961 முதல் அதன் தலைமையில் இருந்து, பிறகு 1984-ல் மனநோயாளிகளுக்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவிய சாரதா மேனன் அந்தப் பாதையின் பெரிய பெயர். ஸ்கார்ஃப் இருப்பது எங்களுக்குப் பக்கத்தில், அண்ணாநகர் மேற்கு விரிவில். நோய் தீர்க்கும் கல்வி அங்கே. நோயில்லாதவர் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதில் தொடங்கும் கல்வி இங்கே. இரண்டும் பின்னால் கைகோத்துக்கொள்கின்றன. ஆனால் முதல் வருஷ வகுப்பில் வந்து உட்கார்ந்து, “மனநோய் எப்ப சார் வரும்?” என்று கேட்டவர்கள் எங்களிலும் பலர். வந்தது ஸ்கேல்.

தமிழில் இந்தப் பாடம் வேரூன்றியதற்குத் தனிக் கதை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதைக் கொண்டுபோனவர்களில் பெ. தூரனை மறக்கக் கூடாது. கோவைப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர், கீர்த்தனைகள் எழுதியவர். அவர்தான் ‘குழந்தை உள்ளம்’, ‘அடிமனம்’, ‘தாழ்வு மனப்பான்மை’ என்று கல்லூரி வாசல் மிதிக்காதவர்களுக்கும் புரியும் நூல்களை எழுதினார். மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் மனவியல் என்றும் அலைந்த பெயர், பாடநூல்களில் உளவியல் என்று நிலைபெற்றது. எனக்குப் பிடித்த சொற்கள் ‘தூண்டல்’, ‘துலங்கல்’. வெளியிலிருந்து வருவது தூண்டல், அதற்கு நாம் காட்டும் மறுமொழி துலங்கல். பாத்திரம் துலக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் உடனே பிடிபட்டது. தேய்த்தால் துலங்கும்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் அறிமுக உளவியலை அதிகம் பேர் படிப்பது உளவியல் துறையில் அல்ல, ஆசிரியர் பயிற்சியில். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாட்டைப் பற்றியவை. காலை ரயிலில் அம்பத்தூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவே, நின்றுகொண்டே பியாஜேயின் வளர்ச்சி நிலைகளை முணுமுணுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனப்பாடமாகத்தான் படிக்கிறார்கள். ஆனாலும் ஆறு வயதுக் குழந்தைக்கு உயரமான டம்ளரில் ஊற்றிய பால் ஏன் அதிகமாகத் தெரிகிறது என்று அந்தப் பக்கங்களில் ஒருமுறை படித்தவர், வகுப்பில் ஒரு குழந்தையை முட்டாள் என்று சொல்லும் முன் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனக்கு அந்த நொடி கிடைத்தது ‘கவனம்’ என்ற பாடத்தில். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் திரையைப் பார்த்திருந்தவர்கள் நீர்மூழ்கிக் கப்பலின் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று அறிய உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு தாவலாக நகரும், எப்போதாவது இரட்டைத் தாவல். அதைக் கண்டால் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரை மணிக்குப் பிறகு தவறவிடுவது கூடியது. அரை மணி பார்த்து அரை மணி ஓய்ந்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. 1948-ல் வெளிவந்த ஆய்வு அது. பாடப் புத்தகத்தில் ஒரு பத்திதான்.

அந்தப் பத்தியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் சீட்டுகளில் இருந்த மதிய நேரங்களுக்கு அது பதில். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் நின்று படித்தார். “அரை மணிக்கு ஒருவாட்டி பேக்கிங்கும் செக்கிங்கும் மாத்திக்கலாமா சார்?” என்று கேட்டேன். ஒரு வாரம் செய்து பார்ப்போம் என்றார். பிறகு அதுவே வழக்கமானது. திரும்பி வரும் பைகள் குறைந்தன. “நல்லா இருக்கும்மா இந்தப் படிப்பு” என்று அவர் சொன்னது என் பட்டச் சான்றிதழைவிட எனக்குப் பெரிது.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. அந்த வருஷ ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் பட்டத்துக்குச் சேர்க்கை கூடாது. 2021-ன் துணை சுகாதாரப் பணிகள் சட்டத்துக்குள் உளவியல் வந்துவிட்டதுதான் காரணம். ஒருவருடைய துயரத்தைக் கேட்டு வழிகாட்டப் போகிறவருக்கு நேரடிப் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தபாலில் அதைக் கற்க முடியாது. ஆனால் நான் படித்தது அதற்காக அல்ல. என் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். மருத்துவப் பயிற்சிக்கு வேலி போடும்போது அந்த முதல் பாடமும் வேலிக்குள் போய்விட்டது. ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்காக ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு மாலை வகுப்பு, ஒரு பருவம், ஓர் ஆசிரியர், ஒரு ஸ்கேல். யாராவது தொடங்கினால் நானே போய் நாற்காலி போட்டுத் துடைத்து வைப்பேன்.

என் பாடக் கட்டுகள் இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கின்றன. எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறான். கிரீனிச் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த அண்ணன் அப்புறம் என்னக்கா ஆனாரு?” என்றான்.

கின்னிபுரூக் ஊர் திரும்பிவிட்டார். 1802-ல் இறந்தார், முப்பது வயது. பெஸ்ஸெல் தம் அளவீடுகளை வெளியிட்டது அதற்கு இருபது வருஷங்களுக்குப் பிறகு.